பாதித் தட்டு மேக்ஸ் ரோச்சுடையது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜாஸ் கட்டுரையில் சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டுக்கு ஒரு பத்தி கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தி முழுக்க ராலின்ஸ்தான். தட்டின் பெயரே அப்படி, கட்டுரையாளரைச் சொல்லிக் குற்றமில்லை. என் காதுக்கு அதில் பாதி, டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச்சுடையது.

முதல் பாட்டு ‘செயின்ட் தாமஸ்’ தொடங்குவதே அவர் கையில்தான். ராலின்ஸின் பெற்றோர் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர்கள். சின்ன வயதில் அம்மா பாடக் கேட்ட கலிப்ஸோ மெட்டு இது. மெட்டு முடிந்ததும் ராலின்ஸ் இரண்டே இரண்டு ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு, சொப்பு சாமான்போல இங்கே வைத்து அங்கே வைத்து விளையாடுவார். அப்புறம் ரோச்சின் தனி வாசிப்பு. அது முடிந்து சாக்ஸபோன் திரும்பும்போது கலிப்ஸோ போய் ஜாஸுக்கே உரிய, ஊஞ்சலாடுகிற ஸ்விங் நடை வந்திருக்கும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கடைசியில் வரும் ‘ப்ளூ செவன்’ 11 நிமிடங்களுக்கு மேல் ஓடும். டக் வாட்கின்ஸின் பாஸ் (கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியம்) தனியாக நடந்து வர, ராலின்ஸ் அவசரமே இல்லாமல் சேர்ந்துகொள்வார். மெட்டின் துணுக்குகளிலிருந்தே அவர் கற்பனையை வளர்ப்பதை இசையமைப்பாளரும் விமர்சகருமான கந்தர் ஷுல்லர் 1958இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். ரோச்சின் தனி வாசிப்பும் அப்படிச் சில சின்னத் தாளத் துணுக்குகளிலிருந்தே கட்டப்பட்டது என்று அதே கட்டுரையில் இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் ஏனோ அதை விட்டுவிடுகிறார்கள்.

(இதே தட்டில் உள்ள ‘மோரிடாட்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. டாமி ஃபிளனகனின் பியானோவைப் பற்றி ஆரம்பித்தால் நீங்கள் கடிதத்தை வெட்டிவிடுவீர்கள்.)

இன்னொன்று. பதிவு நடந்தது 1956 ஜூன் 22, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். அவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான் ஸ்டுடியோ. ராலின்ஸுக்கு அப்போது 25 வயது. அவரும் ரோச்சும் அந்தச் சமயத்தில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனோடு ஒரே குழுவில் இருந்தவர்கள். நான்கே நாளில், ஜூன் 26 அன்று, பிரவுனும் அக்குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும் கார் விபத்தில் இறந்துபோனார்கள். பிரவுனுக்கும் வயது 25தான். இந்தத் தேதி தெரிந்த பிறகு ‘செயின்ட் தாமஸ்’ஸின் குதூகலத்தை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி