உங்கள் பேஜ்களில் ஏஐ எதுவரை வரலாம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

இன்று உங்களில் பலருடைய கடைக்குக் குறைந்தது ஐந்து கணக்குகள் இருக்கின்றன. ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், வாட்ஸ்அப் பிசினஸ். சிலருக்கு எக்ஸும் லிங்க்ட்இன்னும் வேறு. இத்தனையையும் ஏஐ கருவிகளை வைத்து எப்படி நடத்துகிறோம், எந்த இடத்தில் கருவியை நிறுத்திவிட்டு ஆள் உட்கார வேண்டும், அதற்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று விளக்கத்தான் இந்த மடல்.

"எல்லாத்தையும் ஏஐயே பாத்துக்கும்" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பார்த்துக்கொள்ளாது. டிராஃப்ட் எழுதும், நீளமானதைச் சுருக்கும், வரிசையில் போட்டு வைக்கும். இந்த மூன்றிலும் அது நிஜமாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பப்ளிஷ் பொத்தானையும், கஸ்டமருக்குச் சொல்லும் பதிலையும் அதன் கையில் விடக் கூடாது. இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். காரணங்கள் கீழே வரும்.

முதல் வேலை தகவல் தாள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதுவானாலும் தெரியாத இடத்தில் நிற்காது, இட்டு நிரப்பிவிடும். மயிலாப்பூரில் உள்ள ஒரு பலகாரக் கடைக்குத் தீபாவளி போஸ்ட் கேட்டுப் பாருங்கள். "மூன்று தலைமுறைப் பாரம்பரியம்", "வீட்டுக்கே இலவச டெலிவரி", "சுத்தமான பசு நெய்" என்று வந்து விழும். பலகார விளம்பரம் என்றால் வழக்கமாக என்னென்ன வார்த்தைகள் வருமோ அதைத்தான் அது எழுதுகிறது. உங்கள் கடையில் டால்டாவா நெய்யா என்று அதற்குத் தெரியாது. பேஜில் வந்துவிட்டால் அது நீங்கள் கொடுத்த வாக்கு. கவுண்டரில் வந்து கேட்பவரிடம் "ஏஐ எழுதிடுச்சு" என்று சொல்ல முடியாது.

அதனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு பக்கத்தில் தாள் ஒன்று வைக்கிறோம். கடை நேரம், வார விடுமுறை, முகவரி, வழி சொல்ல உதவும் அடையாளம் (எந்தக் கோயில் பக்கம், எந்த பஸ் ஸ்டாப்), பொருள்வாரியாக விலை, அதில் ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா, டெலிவரி எந்தெந்த ஏரியாவுக்கு, எதைச் சொல்லவே கூடாது. ஒவ்வொரு முறை எழுதச் சொல்லும்போதும் இந்தத் தாள் முழுவதையும் ஒட்டி, கீழே இப்படிக் கேட்கிறோம்:

"மேலே உள்ள தகவலை மட்டும் வைத்து எழுது. அதில் இல்லாத விலை, சலுகை, தேதி எதையும் சேர்க்காதே. தேவையானது தாளில் இல்லையென்றால் அந்த இடத்தில் 'கடையில் கேட்கவும்' என்று போடு. நான்கு வரி போதும். கடைசி வரியில் கடை நேரம்."

அந்த மூன்றாவது வாக்கியம் முக்கியம். இல்லாததை இல்லையென்று சொல்ல ஒரு வழி விட்டால், இட்டு நிரப்பும் பழக்கம் பெருமளவு குறைகிறது. முற்றிலும் போய்விடாது, அதனால் டிராஃப்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தாளோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

அடுத்தது தமிழ். சும்மா எழுதச் சொன்னால் "உங்கள் ஸ்டைலை அடுத்த நிலைக்கு உயர்த்துங்கள்" என்ற மாதிரி வரும். தி.நகரில் சேலை எடுக்க வருகிற யாரும் அப்படிப் பேசுவதில்லை. இதற்கு நாங்கள் கண்ட நல்ல வழி, கடைக்காரரின் குரல். வாரம் ஒரு முறை ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள். என்ன சரக்கு வந்திருக்கிறது, அதில் என்ன விசேஷம், யாருக்கு ஏற்றது என்று கவுண்டரில் சொல்வது போலவே சொல்லுங்கள். அதை எழுத்தாக்கி, நீங்கள் முன்பு கைப்பட எழுதிய ஐந்து கேப்ஷன்களையும் சேர்த்துக் கொடுத்து, "இந்த நடையிலேயே எழுது, புது உவமை சேர்க்காதே" என்கிறோம். "காட்டன்தான், ஆனா கஞ்சி போட வேணாம்" என்று நீங்கள் சொன்ன ஒரு வரிக்கு, கருவி தானாக எழுதும் பத்து வரியைவிட மதிப்பு அதிகம்.

நாள்காட்டியில்தான் ஏஐ அதிகம் சறுக்குகிறது. ஒரு வருட போஸ்ட் அட்டவணை கேட்டால், வடக்கே கொண்டாடும் முறையை நம் ஊருக்கும் போட்டுவிடும். அங்கே தீபாவளி என்பது மாலை லட்சுமி பூஜை. நமக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியல். மாலை 6 மணிக்கு வாழ்த்து போடச் சொல்லும் அட்டவணை இங்கே அரை நாள் தாமதம். நம்மவர்கள் அதிகாலை 4 மணிக்கே போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். டிசம்பர் மத்தியிலிருந்து ஜனவரி மத்தி வரை மார்கழி. அந்த வாரங்களில் "இந்த வாரக் கல்யாணத்துக்கு" என்று ஒரு போஸ்ட் வந்தால் பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் தள்ளுபடிக்கு அதுதான் மாதம். புரட்டாசிச் சனிக்கிழமையில் பிரியாணிக் கடைக்கு மட்டன் ஆஃபர் போடச் சொல்வதும் அதே வகைத் தவறு. அட்சய திருதியை போன்ற, ஆண்டுக்கு ஆண்டு நகரும் நாள்களை ஏஐயிடம் கேட்பதே இல்லை. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் பார்த்து நாங்களே தேதிகளை நிரப்பி, அதன் மேல்தான் ஏஐயை எழுதச் சொல்கிறோம்.

ஒரே போஸ்டை ஐந்து இடத்திலும் அப்படியே ஒட்டுவது பலரும் செய்கிற தவறு. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்து வரை போகலாம், ஆனால் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், அதில் போடும் லிங்கும் திறக்காது. கூகுள் பிசினஸ் போஸ்டுக்கு 1,500 எழுத்து. அதற்குள் போன் நம்பரை எழுதினால் போஸ்ட் நிராகரிக்கப்படும், ஏனென்றால் நம்பருக்கு அங்கே தனிப் பொத்தான் உண்டு. எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280. இங்கே தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 'சென்னை' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு, ஏனென்றால் கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'மயிலாப்பூர்' ஆறு எழுத்து, கணக்கில் பதினொன்று. "280 எழுத்துக்குள் எழுது" என்று ஏஐயிடம் சொன்னாலும் அது சரியாக எண்ணுவதில்லை. "20 வார்த்தைக்குள்" என்று கேட்டுவிட்டு, எழுதும் பெட்டியில் போட்டுச் சரிபார்ப்பதுதான் நடைமுறையில் சரிப்படுகிறது.

படங்களைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விற்கிற பொருளின் படத்தை ஏஐ வரைந்து தரக் கூடாது. அது வரையும் சேலையின் பார்டர் உலகத்தில் எந்தத் தறியிலும் நெய்யப்பட்டதில்லை; அதைப் பார்த்துவிட்டு தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி வருகிறவருக்கு நீங்கள் எதை எடுத்துக் காட்டுவீர்கள்? பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த படம் போதும். பின்னணியைத் துடைக்க, வெளிச்சத்தைச் சீராக்க, ஒரே படத்தை 1080க்கு 1350 என்றும் ஸ்டோரிக்கு 1080க்கு 1920 என்றும் வெட்ட ஏஐயைப் பயன்படுத்துகிறோம். சேலையின் நிறத்தில் கை வைப்பதில்லை.

படத்துக்குள் தமிழ் எழுத்தையும் ஏஐயை வரையச் சொல்வதில்லை. கொம்பு இடம் மாறும், புள்ளி காணாமல் போகும், 'ணை'யும் 'னை'யும் குழம்பும். படம் தனி, எழுத்து தனி; எழுத்தை கேன்வா என்ற டிசைன் செயலியில், இன்றைய பொதுத் தரமான யூனிகோட் எழுத்துருவில் நாங்களே அடிக்கிறோம். ஃபிளெக்ஸ் பேனர் அடித்த கடையிலிருந்து வாங்கிய பழைய ஃபைலை அனுப்பினால், அதிலிருந்து வரிகளை அப்படியே எடுக்க முடியாது. அவை பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். வெளியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். பேனரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்.

நிஜம் போலத் தெரியும் ஆள், இடம், குரல் எதையாவது ஏஐ கொண்டு உண்டாக்கியிருந்தால், யூடியூபில் ஏற்றும்போது அதைச் சொல்லும் கேள்விக்கு 'ஆம்' என்று குறிக்கிறோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அதற்கான லேபிள் உண்டு. ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டு கேட்காதீர்கள். வியாபாரக் கணக்கில் அதற்கு உரிமை கிடையாது. ஒலியை நீக்கிவிடுவார்கள், சில சமயம் வீடியோவையே எடுத்துவிடுவார்கள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் இலவச இசைத் தொகுப்பிலிருந்து எடுக்கிறோம்.

ஷெட்யூல் செய்ய, அதாவது போஸ்டை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மட்டும் என்றால் மெட்டா பிசினஸ் சூட் போதும், காசு கிடையாது. நாலைந்து கணக்கு என்றால் ஜோஹோ சோஷியல், பஃபர் போன்றவை. கருவி எதுவானாலும் இரண்டு நிபந்தனை உண்டு. இன்ஸ்டாகிராம் கணக்கு சாதாரணமானதாக இல்லாமல் 'ப்ரொஃபெஷனல்' வகையாக இருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் பேஜ் இருக்க வேண்டும். கடை பெயரில் 'ப்ரொஃபைல்' (தனிநபர் கணக்கு) தொடங்கி 5,000 நண்பர்களோடு முட்டி நிற்கிற கணக்குகள் இன்னும் இருக்கின்றன. 2018 ஆகஸ்டிலிருந்து வெளிக் கருவி எதுவும் ப்ரொஃபைலில் போஸ்ட் போட முடியாது. அவற்றைப் பேஜுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

"ஷெட்யூல் பண்ணியும் போஸ்ட் வரலையே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கருவிக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. கணக்கு அதற்கு ஒரு தற்காலிகச் சாவி கொடுத்திருக்கிறது. ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தச் சாவி செல்லாது. இணைத்த ஊழியரை அட்மின் பட்டியலிலிருந்து எடுத்தாலும் செல்லாது. லிங்க்ட்இன் சாவிக்கு ஆயுளே 60 நாள்தான். எனவே பாஸ்வேர்டு மாற்றிய அன்றே எங்களுக்கு ஒரு வரி சொல்லுங்கள். மீண்டும் இணைக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். இன்னொரு காரணம் நேர மண்டலம். கருவி யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் மாலை 7 மணி என்று போட்டது இங்கே நள்ளிரவு 12.30க்கு வரும். 'கொல்கத்தா, +5.30' (இந்திய நேரம்) என்று இருக்கிறதா என முதல் நாளே பார்க்கிறோம்.

மழைக்கும் இதில் இடம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றன. அப்படி ஒரு நாளில் வரிசையில் காத்திருந்த "வீக்எண்ட் ஆஃபர்" தானாக வெளியே போனால் அந்தக் கடையின் பெயர் என்னாவது? சென்னைக்கு ரெட் அலர்ட் வந்த உடனே எல்லாக் கணக்குகளின் வரிசையையும் நிறுத்திவிடுவோம். உங்களைக் கேட்டு அனுமதி வாங்கக் காத்திருக்க மாட்டோம். நிறுத்தியதைத் திரும்ப ஓட்டத்தான் உங்கள் சம்மதம் கேட்போம். பெரிய துக்கச் செய்தி வரும் நாள்களிலும் இதே வழக்கம்தான்.

இனி, பதில் சொல்வது. கமெண்ட்டுக்குத் தானாகப் பதில் போடும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. "ஸ்வீட் கெட்டுப் போயிருந்தது" என்ற கமெண்ட்டுக்குக் கீழே "உங்கள் அன்புக்கு நன்றி" என்று அது போடும். ஆகவே கடை நேரம், வழி, வார விடுமுறை ஆகிய மூன்றுக்கு மட்டும் தானியங்கிப் பதில். விலை, ஸ்டாக், புகார், உடல்நலம் சம்பந்தப்பட்ட எதுவும் ஆளிடம்தான் போகும். புகாரை வகை பிரித்து மேலே கொண்டுவர ஏஐ உதவுகிறது. பதிலை எழுத அல்ல. வாட்ஸ்அப்பை ஏபிஐ வழியாக (செயலியில் இல்லாமல் வேறு மென்பொருளோடு) இணைத்தவர்களுக்கு ஒரு கெடு இருக்கிறது. கஸ்டமர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் சாதாரணமாகப் பதில் எழுத முடியும். தாண்டினால் முன்பே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரிச் செய்தி) மட்டும், அதற்கும் கட்டணம் வரலாம். செயலியில் உள்ள பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர். அதிலும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கில் அனுப்பித் தருகிறோம் என்று விற்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். நம்பரையே முடக்கிவிடுவார்கள், அது கடை பலகையில் எழுதியிருக்கும் நம்பர்.

கஸ்டமர்களின் பெயர், போன் நம்பர், முகவரி உள்ள பட்டியலை எந்த ஏஐ சாட்டிலும் ஒட்டக் கூடாது. நாங்கள் ஒட்ட மாட்டோம், உங்கள் ஊழியர்களும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் நம்பி உங்களிடம் கொடுத்தது அது.

பாஸ்வேர்டை எங்களுக்கு அனுப்பாதீர்கள். மெட்டா பிசினஸ் அமைப்பில் 'பார்ட்னர்' என்று எங்களைச் சேர்த்தால் போதும்; வேண்டாம் என்றால் நொடியில் நீக்கலாம். பேஜில் முழு உரிமை உள்ளவர் கடை முதலாளியும் அவர் குடும்பத்தில் ஒருவருமாக இரண்டு பேர் இருக்க வேண்டும். வேலைக்கு இருந்த பையனின் போனில் மட்டும் எல்லாம் இருந்து, அவர் ஊருக்குப் போய்விட்டால் பேஜை மீட்பது பெரும்பாடு. "காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்" என்று மெசஞ்சரில் வரும் லிங்கைத் திறக்காதீர்கள், அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

இந்த வாரத்துக்குள் எங்களுக்கு வேண்டியவை: நிரப்பிய தகவல் தாள், கைப்பட எழுதிய பழைய கேப்ஷன் ஐந்து, ஒரு நிமிட வாய்ஸ் நோட், டிராஃப்டைப் பார்த்து 'சரி' சொல்லப் போகிறவரின் பெயர். ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் அடுத்த வாரத்து டிராஃப்ட் அவருடைய வாட்ஸ்அப்புக்கு வரும். சனிக்கிழமை மதியத்துக்குள் 'சரி' வராத போஸ்ட் வெளியே போகாது.

அன்புடன்,
உங்கள் கணக்குகளைக் கவனிக்கும் குழு,
கோடம்பாக்கம், சென்னை