கார்டுக்கு அரை கிலோ

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. பெரியத்தை வீட்டு விவகாரம் நீ சொன்னபடியே முடிந்தது, மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் போன் எடுத்தால் பக்கத்தில் அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நீயும் "நல்லா இருக்கேன்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

ராஞ்சி ராஜ்பவன் பக்கம் தர்ணாவில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். கைக்கடிகாரம் நழுவி முழங்கைக்குக் கிட்டே நிற்கிறது. நீ வேலையில் சேர்ந்தபோது நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம்தான் அது. அன்றைக்குக் கடைக்காரர் சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். உன்னோடு தங்கியிருக்கும் பெண் அவளிடம் சொல்லிவிட்டாள். காலையில் ஒரு டீ, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ராத்திரி வந்து ஒரு டீ, பாதி நாள் அதோடு சரியாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் சோறு கேட்கிறவள் தன் தட்டைக் காலியாக வைத்துக்கொள்ளலாமா?

நீ செய்கிற காரியத்தில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. டீக்கடையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ராஞ்சி பக்கத்தில் நக்ரி என்கிற இடத்தில் 2017-ல் ரேஷனில் 1 ரூபாய் அரிசியை நிறுத்திவிட்டு, பணத்தை பேங்கில் போடுகிறோம், கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களே, அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பணம் வந்ததா என்று பார்க்க பேங்குக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அப்புறம் கடைக்கு ஒரு நடை. அந்த ஜனங்கள் 2018 பிப்ரவரியில் நக்ரியிலிருந்து ராஞ்சிக்கு நடந்தே போனார்கள், அதில் என் மகளும் நடந்தாள், அந்த ஆகஸ்டில் அரசாங்கம் திட்டத்தை வாபஸ் வாங்கியது என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிடும். ஆனால் போன வருஷம் தாத்தா திதிக்கு நீ வரவில்லை. ஒரு நாள் லீவு கிடைக்காத போராட்டம் எது? சரி, அதை விடு.

நீ வடக்கே கிளம்பிய வருஷம் நான் தடுத்தேன். ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுப் பெண் 2017 செப்டம்பரில் செத்துப்போனாள் என்று நீ பேப்பரைக் காட்டினாய். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டையை நீக்கிவிட்டார்கள், மாதக்கணக்காக அரிசி இல்லை, சோறு சோறு என்று கேட்டபடியே போனாள் என்று அந்தத் தாய் சொன்னாள். மலேரியா என்றது அரசாங்கம். ரேஷன் கடையில் எடை போட்ட என்னை அப்போது நீ கேட்டாய்: "நீங்க கடையில இருந்தா இப்படி ஒரு கார்டைத் திருப்பி அனுப்புவீங்களாப்பா?" மாட்டேன் என்றேன். அது பொய் இல்லை. நான் யாரையும் வெறும் பையோடு அனுப்பியதில்லை. அதைத் தாண்டி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், நீ கட்டௌதி பற்றிச் சொன்னாய். ஜார்க்கண்ட் டீலர்கள் ஆளுக்கு 5 கிலோ என்று எழுதிவிட்டு நாலரை கிலோதான் போடுகிறார்கள், அந்தப் பிடித்தத்துக்கே அங்கே ஒரு பெயர் இருக்கிறது, ஜனங்களும் அதை வரி மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றாய். நான் வெற்றிலையை மடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நீ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடித் தகரப்பெட்டியைத் திறந்தாய். காணும் பொங்கலன்று கிளம்ப வேண்டியவள் மாட்டுப்பொங்கலன்றே கிளம்பிவிட்டாய்.

அந்தப் பெட்டியில் கிடந்த என் ரேஷன் கடைக் கணக்கை, அந்த நீலச் சிட்டையை, நீ பார்த்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை என்றாலும் இனி சொல்லாமல் இருக்க முடியாது. அம்மாவுக்கு இது தெரியாது, இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டவில்லை.

குடோனிலிருந்து வருகிற மூட்டை 50 கிலோ என்று ரசீதில் இருக்கும். தூக்குகிறவன் குத்தூசி போட்ட ஓட்டையில் வழி நெடுக ஒழுகும். சாக்கின் எடையையும் அரிசிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தராசில் வைத்தால் 49 தேறும். குறைகிறதை எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போட்டு இறக்கு, இல்லாவிட்டால் லாரி திரும்பிப் போகும் என்பார்கள். ஆய்வுக்கு வருகிறவர் இருப்பில் பத்து கிலோ குறைந்தாலும் அபராதம் போடுவார், அது என் சம்பளத்தில் பிடிக்கப்படும். அதனால் கார்டுக்கு அரை கிலோ. நான் மட்டுமா செய்தேன், எல்லாக் கடையிலும் இதுதான் நடந்தது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கணக்கு அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 800 கார்டு, கார்டுக்கு 20 கிலோ, 320 மூட்டை. மூட்டைக்கு ஒரு கிலோ குறைவு என்றால் 320 கிலோ. அரை கிலோ வீதம் நான் பிடித்தது 400. மிச்சம் 80 கிலோ. அது மாதா மாதம் ராத்திரியில் இட்லி மாவுக் கடைக்குப் போனது. கிலோ 8 ரூபாய், 640 ரூபாய். சிட்டையில் வலப்பக்கம் 'க' என்று போட்டுச் சின்ன எண்ணாக இருக்கும். 'க' என்றால் கயல். உன் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு நான் அனுப்பியதில் அந்தப் பணமும் இருந்தது. மூன்று வருஷம்.

அதனால்தான் நீ சாப்பிடுவதில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து இதையேதான் நினைக்கிறேன். பாப்பா, நீ அன்றைக்குச் சாப்பிட்ட சோறு உன் குற்றம் இல்லை. உனக்கு ஒன்றும் தெரியாது. எடை போட்டது நான். தயவுசெய்து சாப்பிடு.

காமராஜர் போட்ட மதிய உணவில் வளர்ந்தவன் நான். 2001-ல் ஜெய்ப்பூர் பக்கம் உணவுக் கழகத்துக் கிடங்கில் தானியம் மழையில் நனைந்து கெட்டுக் கிடந்தது, அக்கம்பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள்ளேயே இன்றைக்குச் சிலர், நாளைக்குச் சிலர் என்று முறை வைத்துச் சாப்பிட்டார்கள், அதைப் பார்த்துத்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் உச்ச நீதிமன்றம் போனார்கள் என்று நீ விளக்கினாய் அல்லவா? அந்த நவம்பரில் பள்ளிக்கூடத்தில் சமைத்த சாப்பாடு, 300 கலோரி, வருஷத்தில் 200 நாளாவது என்று இடைக்கால உத்தரவு வந்தபோது, நம்ம ஊரில் எப்பவோ சத்துணவு வந்துவிட்டது என்று கடையில் நின்று பெருமை பேசியவன் நான்தான். பேசிக்கொண்டே தராசுத் தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழத்தெரு ஆயா ஒருத்தி இருந்தாள், மஞ்சள் பையோடு வருவாள். வீட்டில் போய்ப் படியால் அளந்துவிட்டுத் திரும்பி வந்து, "உழக்குக்கு மேல குறையுதே தம்பி" என்றாள். கூட்டத்துக்கு நடுவில், "இலவச அரிசிக்கு இவ்வளவு கணக்கா, அடுத்த தடவை நீயே தராசு கொண்டு வா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு நாளும் அளந்து பார்த்தேன் என்று வந்து நின்றதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அதற்குள் அவள், "மக வடக்கதான இருக்கு, அங்க சோறு கிடைக்குதா தம்பி?" என்று கேட்டாள். கிடைக்குது ஆயா என்றேன். மோர் கொடுத்தாள், குடித்தேன். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

நாளைக்குப் பார்சல் போடுகிறேன். பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய், அம்மா வறுத்த மோர் மிளகாய், அரிசி வடாம். வெறும் சோறு வடித்தால் போதும். நார்த்தங்காய் கெடாது, பருப்புப் பொடியை மட்டும் ஈரக்கை படாமல் எடு. கிடைத்ததும் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கோவிலுக்குப் போவாள், ஆறு மணியிலிருந்து நான் தனியாக இருப்பேன். திட்டுவதென்றாலும் அப்போதே திட்டிவிடு.

அப்பா