புதிய பயிற்சியாளருக்குக் களம் அமைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நம் கால்பந்து கிளப்பின் தலைமைப் பயிற்சியாளராகப் புதியவர் பொறுப்பேற்றிருக்கிறார். அவர் மனதில் வைத்திருக்கும் ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையில் கிளப்பை அவர் கையில் ஒப்படைத்தவர்கள் நீங்கள். உங்களுக்கே இந்த மடல்.

கோல்கீப்பரிடமிருந்து தரையோடு பாஸ் போட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர் திட்டம். 2019இல் கோல் கிக் (எதிரணி அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனபின் கோல் முன்னிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) விதி மாறிய பிறகு, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரர் பந்தை வாங்கலாம். உதைக்கும்வரை எதிரணியினர் வெளியே நிற்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் தரை மேடுபள்ளமாக இருந்தால் பந்து துள்ளும், முதல் தொடுதல் ஒரு மீட்டர் விலகிப் போகும், அதற்குள் எதிரணி முன்கள வீரர் வந்துவிடுவார். அங்கிருந்து கோல் மிக அருகில்தான்.

ஆகவே முதல் நன்றி மைதானப் பராமரிப்பாளர்களுக்கு. புல்லை 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தீர்கள். வளர்ந்துவிட்டதே என்று ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஒரு வெட்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை. அதனால் வேர் தளரவில்லை. கோல் வாயில் தேய்ந்த குழிகளில் மணல் கலந்த மண் நிரப்பி மறுபடி விதைத்தீர்கள், பயிற்சிக் கோல் கம்பங்களை இடம் மாற்றிப் போட்டீர்கள். கோடு போட்ட அன்று 105க்கு 68 மீட்டர் அளந்ததோடு விடாமல், கயிறு பிடித்து மூலைவிட்டங்களையும் சரிபார்த்தீர்கள். இரண்டும் 125.1 மீட்டர் வந்த பிறகுதான் சுண்ணாம்பு இறங்கியது. நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மைதானம் கோணலாவது இந்த ஒரு அளவை விடுவதால்தான்.

இடைக்காலமாக அணியை நடத்திய உதவிப் பயிற்சியாளருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். யார் எத்தனை நிமிடம் ஆடினார், எந்தக் காலில் பழைய காயம், யார் எந்தப் பக்கம் திரும்பிப் பந்து வாங்கத் தயங்குகிறார் என்றெல்லாம் எழுதிய அவருடைய நோட்டுப் புத்தகம் புதியவருக்குப் பல வார வேலையை மிச்சப்படுத்தும். போன சீசனில் நம் பிரஸ்ஸிங் (பந்து வைத்திருக்கும் எதிரணியை முன்னேறிச் சென்று நெருக்குவது) ஏன் உடைந்தது என்பதும் அதில் இருக்கிறது: முன்னால் மூவர் பாய்ந்தார்கள், பின்வரிசை இருந்த இடத்திலேயே நின்றது, நடுவில் திறந்த வெளியில் எதிரணி நிம்மதியாக ஆடியது. எதிராளி தன் கோலைப் பார்த்தபடி பந்து வாங்கும்போதோ, பலவீனமான பின்பாஸ் போகும்போதோ பத்துப் பேரும் சேர்ந்து நகர வேண்டும். அடுத்த சீசனில் எங்கள் பெரிய நம்பிக்கை இதில்தான்.

பிசியோதெரபிஸ்ட்டுக்கு நன்றி. காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த '11+' வார்ம்-அப்பை இருபது நிமிடம், வாரம் இரண்டு முறையாவது, வீரர்கள் முணுமுணுத்தாலும் விடாமல் செய்யவைத்தீர்கள். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் இறக்கும் பயிற்சி தொடையின் பின்தசைக்கு எவ்வளவு முக்கியம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆட்ட நாளில் இந்தப் பயிற்சி அடங்கிய வலிமைப் பகுதியை விட்டு ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்வதையும் நீங்களே பழக்கினீர்கள். ஓய்வு முடிந்து திரும்பும் முதல் வாரத்தில் திடீரென வேகத்தைக் கூட்டினால்தான் அந்தத் தசை பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்றப் புதியவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கோல்கீப்பர் பந்தை எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற புதிய விதியை, கடைசி ஐந்து வினாடியைக் கையுயர்த்தி எண்ணிக்காட்டிப் பழக்கிய நடுவர் நண்பருக்கும், பயிற்சிப் பந்துகளையும் ஆட்டப் பந்துகளையும் அழுத்தமானியால் அளந்து ஒரே காற்றழுத்தத்தில் வைத்திருந்த உபகரணப் பொறுப்பாளருக்கும், வீரர்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோருக்கும் நன்றி.

ரசிகர்களே, மழையிலும் வெயிலிலும் வந்து நின்றதற்கு நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொடக்க ஆட்டங்களில் பின்னாலிருந்து பாஸ் போடும்போது பந்தை இழப்போம், கோலும் வாங்குவோம். அந்த நேரத்தில் வெளியிலிருந்து "தூக்கி அடி!" என்ற சத்தம் கேட்டால் இளம் பின்கள வீரர் அடுத்த முறை பந்தைக் கேட்கவே பயப்படுவார். அந்தப் பாஸுக்கும் கைதட்டுங்கள்.

நன்றியுடன்,
கிளப் நிர்வாகக் குழு