வெள்ளைப் பணியாரத்துக்கு எத்தனை கிராம்?

காரைக்குடி

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வைகாசியில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம். கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பிவைக்கப் பாத்திரம் பார்க்கலாமென்று முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். பித்தளைப் படியையும் உழக்கையும் பேனா போட்டுவைக்க வாங்கிப் போகிறார்கள்! நான் அரிசி அளக்க ஒரு படி கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "ஒரு கப் எத்தனை கிராம்?" என்று மொட்டையாகக் கேட்டால் எப்படிச் சொல்வது? எதை அளக்கிறாய் என்பதைப் பொறுத்தது. 240 மில்லி கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். மைதாவைச் சலித்து இலேசாக அள்ளிப்போட்டால் 120 கிராம். அதையே அமுக்கி நிரப்பினால் 150 வரை போகும். தண்ணீர் மட்டும்தான் மில்லியும் கிராமும் ஒன்றாக நிற்கும். எண்ணெய்கூட அப்படியில்லை. ஊருக்கு வரும்போது இங்கத்திய ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார், பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். இன்னொன்று: உங்கள் ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. இங்கே எழுதின குறிப்பை அங்கே அப்படியே அளந்தால் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும்.

வெள்ளைப் பணியாரத்தில்தான் உண்மையான வில்லங்கம். அப்பத்தா சொல்லிக்கொடுத்த அளவு உனக்கும் தெரியும்: பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், சரிந்து விழும்வரை. அந்தக் கோபுரத்துக்கு எந்த அட்டவணையிலும் கணக்கில்லை. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு உளுந்து ஏறும். 250 மில்லி டம்ளரில் அளந்து தராசில் போட்டேன்: அரிசி ஏறக்குறைய 200 கிராம், மேலே நின்ற உளுந்து 25. அதே அரிசியை வாயகன்ற கிண்ணத்தில் தலைதட்டிக் குவித்தால் உளுந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப்போகும். உனக்குச் சரியாக வராததற்கு அரிசியைக் குறை சொல்லாதே, உன் கப்பின் வாயைப் பார். எட்டுக்கு ஒன்று என்று எடையில் வைத்துக்கொள், எந்தப் பாத்திரமானாலும் கவலையில்லை.

அதிரசத்துக்கும் எடைதான் நல்லது. வெல்லத்தைத் தட்டுவதில் ஒருத்தர் பொடியாக்குவார், ஒருத்தர் கட்டியாகவே விடுவார், கப்பில் அளந்தால் எப்படி ஒத்துப்போகும்? நான் ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போடுகிறேன். அரிசியை ஊறவைக்கும் முன்பே நிறுத்துவிடு, ஊறினபின் தண்ணீரையும் சேர்த்து நிறுப்பாய்.

அம்மா வீட்டு ஆழாக்கை நீ கொண்டுபோனாய் அல்லவா? எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். அதனால் புத்தகத்துக் கணக்கை நம்பாதே. ஆழாக்கைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்று. காட்டுகிற கிராம்தான் அதன் மில்லி. அப்புறம் துடைத்துவிட்டு அரிசி, உளுந்து, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகத் தலைதட்டி நிறுத்து, ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. கடுகு, வெந்தயத்தையெல்லாம் நிறுத்துக்கொண்டிருக்காதே, அதற்குக் கை போதும்.

பணியாரத்தோடு தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்ச் சட்டினிக்கும் கிராம் கேட்டு எழுதியிருந்தாய். அங்கே கிடைக்கும் மிளகாயின் காரம் எனக்குத் தெரியாதே! நாலு மிளகாயில் ஆரம்பித்துப் பார். கல்யாணத்துக்கு எப்போது வருகிறாய், டிக்கெட் போட்டுவிட்டாயா என்று உடனே எழுது.

உன் தோழி