குளிருக்கு ஒரு மூடி பிராந்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மழைக்காலக் கைவைத்தியம் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. சளி, இருமலுக்கு வெந்நீரில் இரண்டு மூடி பிராந்தி, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் தேன் கலந்து படுக்கும் முன் குடிக்கலாம் என்று அதில் ஒரு குறிப்பு. அதற்குக் கீழேயே சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு துணுக்கு. கடைசி வரி, 'அளவோடு அருந்தினால் மருந்து'. அந்த அளவு எவ்வளவு, யாருக்கு, யார் தொடவே கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் ஏற்காடு மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்து ஊர்களும் எஸ்டேட் லைன் வீடுகளும்தான் என் வேலைக்களம். மலையில் பிராந்தி என்பது பாதிப் பேருக்கு மருந்துப் பெட்டிச் சாமான். கோடாலித் தைலம், ஓமத்திரவம், அதற்குப் பின்னால் துணி சுற்றிய ஒரு குவார்ட்டர் பாட்டில். பல்வலி என்றால் பஞ்சில் நனைத்து ஈறில் வைப்பார்கள். மூட்டுவலி என்றால் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். மேல்வலி, சளி என்றால் முட்டையை உடைத்து ஊற்றி மிளகு தட்டிப் போட்டு ஒரே மூச்சில் குடிப்பார்கள்.

குடிக்கிறவர்களுக்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவர்களுக்கு உங்கள் குறிப்பும் தேவையில்லை, என் கடிதமும் தேவையில்லை. என் கவலையெல்லாம் பாட்டிலே நுழையாத வீடுகளைப் பற்றித்தான். அங்கே அது மருந்து என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். வந்தால் முதலில் கொடுபடுவது பச்சைக் குழந்தைக்கு, அடுத்து பிள்ளை பெற்றவளுக்கு, அப்புறம் மூலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு.

ஒரு மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரம், லைனில் வயசானவர்களைத் தவிர ஆள் இல்லை. பிறந்து பத்து நாள்கூட ஆகாத பெண் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பாட்டி ரொம்பத் திருப்தியாக, "பாப்பா காலையில இருந்து அழவே இல்லீங்க நர்ஸம்மா, நல்லாத் தூங்குது" என்றார். பத்து நாள் குழந்தை பாலுக்கு அழாமல் தூங்குகிறது என்றால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். போர்வையை விலக்கி உள்ளங்காலைச் சுண்டினேன். வீறிட்டிருக்க வேண்டிய குழந்தை லேசாக முகம் சுளித்ததோடு சரி. கால் சில்லென்று இருந்தது. தூக்கியபோது கை இரண்டும் துவண்டு தொங்கின. வாயருகே முகத்தைக் கொண்டுபோனால் வாடை.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, குளிருக்கு ஒரு மூடி. சக்கரைத் தண்ணியில கலக்கித்தான் ஊத்துனேன். இவ அப்பனுக்கும் இப்பிடித்தான் ஊத்துனது."

ஒளிக்கிற எண்ணமே அந்தம்மாவிடம் இல்லை. நல்லது செய்திருக்கிறோம் என்று முழுசாக நம்பினார். நான் குழந்தையின் துணியைக் கழற்றி, தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினேன். பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக நாக்கில் தொட்டு வைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குதிகாலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆம்புலன்ஸில் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தையைக் காப்பாற்றினார்கள். பாட்டிக்குக் கடைசிவரை சமாதானமாகவில்லை. "ஒரு மூடிதானே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மூடி என்றால் சுமார் 5 மில்லி. குழந்தையின் எடை 3 கிலோ. இதே கணக்கில் 60 கிலோ ஆளுக்கு ஊற்றினால் 100 மில்லி ஆகிறது, குவார்ட்டரில் பாதிக்கு மேல். நம் டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் போலீஸ் வழக்குப் போடுகிறது. ஒரு மூடி உள்ளே போன பச்சைக் குழந்தை அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைச் செய்ய அதன் கல்லீரலுக்கு இன்னும் பக்குவமில்லை. உடம்பில் சர்க்கரைச் சேமிப்பும் கொஞ்சம்தான். புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் கல்லீரல் வேலையை ஆல்கஹால் தடுத்துவிடுகிறது. குழந்தை 'நல்லாத் தூங்குவது' இதனால்தான்.

சரி, குடித்தவுடன் கதகதப்பாக இருக்கிறதே என்பார்கள். அது பொய்யில்லை. தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருகிறது. முகம் சிவக்கும், காது சுடும். வந்த சூடு அப்படியே வெளியே போய்விடும். உடம்பின் உட்சூடு குறையும். நடுக்கம்தான் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. அதையும் மது அமுக்கிவிடுகிறது. குளிரில் குடித்துவிட்டு வெட்டவெளியில் படுப்பவன் விறைத்துப் போவதற்குக் காரணம் இதுவே. தூக்கமும் அப்படித்தான். சீக்கிரம் கண்ணைச் சொருகும், பின்னிரவில் விழிப்புத் தட்டும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தால் உடம்பு இறுகும், பால் ஊறும் என்பது அடுத்த நம்பிக்கை. தாய் குடித்தால் அவள் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே பாலிலும் ஆல்கஹால் வந்துவிடும். பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் சுரப்பு குறையும், குழந்தையும் வழக்கத்தை விடக் குறைவாகவே குடிக்கும். பூண்டுக் குழம்பு வைக்கட்டும், கருவாடு வறுக்கட்டும், அதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை கிடையாது. தசமூலாரிஷ்டத்தையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அரிஷ்டம் என்பது கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு நொதிக்க வைப்பது. ஆல்கஹால் தானாகவே அதில் உண்டாகும், லேபிளைத் திருப்பினால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவர் பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பது வேறு. டானிக் மாதிரி டம்ளரில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

கிரைப் வாட்டரில் பிராந்தி இருக்கிறதே, அதைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லையா என்று என்னிடம் வாதாடிய மாமியார்கள் நிறையப் பேர். 1851இல் இங்கிலாந்தில் அதைத் தயாரித்தபோது ஆல்கஹால் சேர்த்தது உண்மைதான். இப்போது நம் கடைகளில் விற்பதில் அது கிடையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதால் அந்தப் பாட்டிலும் தேவையில்லை.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் ஆபத்து வேறு விதம். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு, சளிக்காக என்று வெறும் வயிற்றில் பிராந்தி குடித்தால் ராத்திரியில் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்க்கும், நாக்கு குழறும், கால் தள்ளாடும், சம்பந்தமில்லாமல் பேசுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாடையும் அடிக்கும். 'போதையில் கிடக்கிறார், விடிஞ்சால் தெளிஞ்சிடும்' என்று விட்டுவிடுவார்கள். எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவரை விடியற்காலையில் இப்படிப் பார்த்தேன். ஆயுசில் குடிக்காத மனுஷன். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் அவமானம் என்று வீட்டார் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்ததும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி ஓடினோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சளிக்கு என்று பிராந்தி குடிப்பவர் வேறு மாத்திரையும் போட்டிருப்பார் என்பதை உங்கள் குறிப்பாளர் மறந்துவிட்டார். தும்மலுக்குக் கொடுக்கும் சிபிஎம் மாத்திரையே தூக்கத்தைத் தரும், அதன் மேல் மதுவும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். பாரசிட்டமாலும் மதுவும் தொடர்ந்து சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு. பேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலோடு மது கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கும்.

ஒயின் துணுக்குக்கு வருகிறேன். 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்று சொன்னதிலிருந்து இந்தக் கதை ஓடுகிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு கோளாறு. நோய் வந்து குடியை நிறுத்தியவர்களையும் 'குடிக்காதவர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் நோயாளிகள் அதிகமாகத் தெரியாமல் என்ன செய்யும்? ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற சத்து மிகமிகக் கொஞ்சம். உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை, பிராந்தியைத் 'திராட்சை ரசம்' என்று சொல்லிக் கொடுப்பது. நம் ஊர் கடைகளில் கிடைப்பவற்றில் பல, கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் சேர்த்தவை.

கிட்னிக் கல்லுக்குப் பீர் என்று சேலத்து வெயிலில் அலையும் லாரி டிரைவர்கள் சொல்வார்கள். சிறுநீர் அதிகம் போகும், அவ்வளவுதான். அந்த வேலையைத் தண்ணீர் செய்யும். பீர் உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டும், அந்த அமிலத்தாலேயே கல் உண்டாகிறவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து என்ற சாக்கு சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் மாவட்டத்தில்தான். மதுவிலக்குக் காலத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று பர்மிட் வாங்கிக் குடித்தவர்களும், அஜீரணத்துக்கு என்று மருந்துக்கடையில் ஆல்கஹாலில் ஊறிய இஞ்சி டிங்சர் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மது உண்மையில் மருந்தாகும் இடமும் ஒன்று உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கிறது, உயிரையும் எடுக்கிறது. மெத்தனாலை அப்படி மாற்றும் நொதி, மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலைக் கண்டால் அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் ஃபோமெபிசோல் என்ற மருந்து கைவசம் இல்லாத இடங்களில், தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து எத்தனால் கொடுப்பதுண்டு. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, 'நல்ல சரக்கு ஊற்றினால் விஷம் முறியும்' என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் பேசிக்கொண்டார்கள். வீட்டில் ஊற்றிப் பார்க்கிற வேலை இல்லை இது. கண் மங்கினால் உடனே 108.

மேலுக்குப் பூசுவதில் ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட்டும் கைகழுவும் சானிடைசரும் நல்லவை. காய்ச்சல் குழந்தையின் உடம்பு முழுக்க ஸ்பிரிட்டோ பிராந்தியோ தேய்ப்பது கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி போதும். ஓடிகோலன் நனைத்த துணியைப் பெரியவர்கள் தங்கள் நெற்றியில் போட்டுக்கொள்ளட்டும், மணமாவது இருக்கும்.

அடுத்த வாரமே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது, கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் கூடாது, சர்க்கரை மாத்திரை, தூக்கம் தரும் மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடக் கூடாது என்று தெளிவாக இருக்கட்டும். உங்கள் குறிப்பாளர் சொன்னதில் வெந்நீரும் மிளகும் தேனும் சரிதான், பிராந்தியை மட்டும் அடித்துவிட்டு மீண்டும் வெளியிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது, அதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.