கொச்சை என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கா போன இத்தாலியர்களின் நாடகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் "படிக்காத குடியேறிகளின் கொச்சைக் கூத்து" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் இருபத்திரண்டு வருடம் நியூயார்க்கின் புரூக்ளினில் வேலை பார்த்தவன். அங்கே பென்சன்ஹர்ஸ்ட் பகுதியில், இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மாடியில் குடியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து சிசிலிக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் பென்ஷன் விஷயமாக ஓர் இத்தாலிய அலுவலகத்துக்குத் துணைக்குப் போனேன். பாட்டி வாயைத் திறந்ததுமே அங்கிருந்த குமாஸ்தா, ஒழுங்கான இத்தாலியன் பேசும்படி சொல்லிவிட்டார். பாட்டி அப்புறம் பேசவே இல்லை. காகிதங்களை என் கையில் கொடுத்துவிட்டார். நான்தான் ஆங்கிலத்தில் பேசி முடித்தேன்.

ஒழுங்கான இத்தாலியன் அவருக்கு எங்கிருந்து வரும்? 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அந்த மொழி தெரிந்தவர்களே கொஞ்சம். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள், தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் பேச்சும் சிசிலிப் பேச்சும் கலாப்ரியப் பேச்சுமாகத்தான் வந்து இறங்கினார்கள். அதுதான் அவர்களுக்குத் தாய்மொழி.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஃபர்ஃபரியெல்லோ என்ற பெயரில் மேடையேறிய நகைச்சுவைக் கலைஞர் எதுவார்தோ மில்யாச்சோ, முதலில் நியூயார்க்கில் ஒரு வங்கியில் இருந்துகொண்டு, எழுதத் தெரியாத கூலிக்காரர்களுக்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அவர்கள் பேச்சைத்தான் மேடைக்குக் கொண்டுபோனார். அதில் ஜாப் என்பது 'ஜொப்பா', பாஸ் என்பது 'பொஸ்ஸோ'. வீட்டுக்குப் பின்னால் இருந்த பேக் ஹவுஸ் 'பக்காவுசா' ஆகி, கழிப்பறைக்கே பெயராகிவிட்டது. நம் ஊரில் 'கொல்லைக்குப் போறேன்' என்று சொல்வதில்லையா? இதைப் போய்ச் சிதைந்த ஆங்கிலம் என்கிறார் கட்டுரையாளர். எல்லோரும் ஏளனம் செய்த பட்டிக்காட்டானை மேடையின் நடுவில் நிறுத்தியவர் ஃபர்ஃபரியெல்லோ. கீழே உட்கார்ந்து சிரித்தவர்கள் தங்களைத்தான் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓபராப் பாடகர் கரூஸோ பாடிய 'கோரே ங்க்ராத்தோ' பாட்டு நேப்பிள்ஸில் பிறந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். அது 1911இல் நியூயார்க்கில் நேப்பிள்ஸ் பேச்சில் எழுதப்பட்டது. எழுதிய ரிக்கார்தோ கோர்திஃபெர்ரோ கலாப்ரியாக்காரர், கவிஞர், நாடக ஆசிரியர், பத்திரிகை நடத்தியவர். அவரும் படிக்காதவர்தானா?

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். உங்கள் புலம்பெயர் இலக்கியச் சிறப்பிதழில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அப்போது நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்கு முன்னால், ஒரு சிறுகதையில் வந்த கரிசல் பேச்சை நல்ல தமிழாக்கிப் போட்டிருந்தீர்கள். முப்பது வருட வாசகன் என்பதால் பொறுத்துக்கொண்டேன். என் அம்மா பேசிய பேச்சு அது, ஐயா.

சரி, கட்டுரையை இனி மாற்ற முடியாது. ஃபர்ஃபரியெல்லோ படத்தின் கீழே அவர் பெயர் 'பர்பரெலி' என்று அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழில் அதையாவது 'ஃபர்ஃபரியெல்லோ' என்று திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கோவில்பட்டி