எலியா, மனிதரா என்று முதல் வரியிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் அறிவியல் பக்கத்தில் 'புற்றுநோயைக் கரைக்கும் நானோ துகள்' என்ற மாதிரி தலைப்பு வரும் நாளெல்லாம் அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் பலருக்கும் மதுரையைவிட திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மருத்துவமனைதான் கைக்கு எட்டும் இடம், ஆரியங்காவு தாண்டி புனலூர் வழியாக பஸ் ஏறிப் போய் வருவார்கள். போன தடவை வந்த அம்மா கேட்டது இதுதான்: "தம்பி, இந்த மருந்து அங்க வந்துருச்சாப்பா? வந்துருச்சுன்னா அடுத்த கீமோவத் தள்ளிப் போட்டுரலாம்லா?"

செய்தியை வாசித்துப் பார்த்தேன். ஏழாவது பத்தியில் இருக்கிறது, எலிகளில் செய்த சோதனை என்று. ஏழாவது பத்தி வரை அந்த அம்மா வாசிக்கவில்லை, அவர் மகனும் வாசிக்கவில்லை. கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம், டாக்டரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட மாற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இது நான் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா, நீங்கள் முதல் வரியில் போட வேண்டிய விஷயமா?

ஏனென்றால் எலிக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் தூரம் அதிகம். ஆய்வகத்து எலிக்குக் கட்டியை வளர்த்துவிடுகிறார்கள், அது சில வாரங்களில் மளமளவென்று பெருக்கிறது, அவசரத்தில் முளைத்த ரத்தக்குழாய்களில் இடைவெளி இருக்கும், மருந்தைச் சுமந்து போகும் அந்த நுண்ணிய நானோ துகள் அதன் வழியே கட்டிக்குள் நுழைந்துவிடும். மனிதருக்கு வருஷக்கணக்கில் வளரும் கட்டியில் அப்படி ஒழுகும் குழாய்கள் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அப்புறம் கல்லீரலும் மண்ணீரலும் சும்மா இருக்குமா? ரத்தத்தில் புதிதாக வரும் துகளைப் பிடித்து வைப்பதே அவற்றின் வேலைகளில் ஒன்று. டொராண்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, பத்து வருஷ ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2016இல் வெளியிட்டது: ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். அதுவும் பெரும்பாலும் எலியில்!

நானோ மருந்தே பொய் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படித் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்த வடிவத்துக்கு அமெரிக்கா 1995லேயே அனுமதி கொடுத்துவிட்டது. குமிழின் அளவு சுமார் 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முற்றிய மார்பகப் புற்றுக்குப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இதயத்துக்கு வரும் கேடு நன்றாகக் குறைந்தது, பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிவது கூடியது. உண்மையான முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. 'கரைந்தது', 'மாயம்' எல்லாம் அதில் கிடையாது.

2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது அதற்கான ஆம்போடெரிசின் மருந்தைக் கேட்டு எனக்குக் கேரளப் பக்கத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் போன் மேல் போன், எங்கே தேடியும் இல்லை. எல்லோரும் தேடியது லிப்போசோம் வகை, அதுவும் நானோ அளவுக் கொழுப்புக் குமிழ்தான். பழைய வகை சிறுநீரகத்தை அதிகம் பாதிக்கும் என்பதால்தான் அவ்வளவு தவிப்பு. இன்னும் பக்கத்தில் பாருங்கள், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவான கர்ப்பிணிகளுக்கு டிரிப்பில் ஏற்றுகிறார்களே, டிகாக்‌ஷன் நிறத்தில், அந்த அயர்ன் சுக்ரோஸ்? நடுவில் இரும்புச் சேர்மம், சுற்றிலும் சர்க்கரை, சில நானோமீட்டர் அளவுத் துகள். நர்ஸம்மா அதை இரும்பு ஊசி என்றுதான் சொல்கிறார், யாரும் பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்து கேட்பதில்லை.

பெட்டியில் பெரிதாக நானோ என்று அடித்து வருவதெல்லாம் வேறு சரக்கு. மூட்டுவலி ஸ்டிக்கர், மஞ்சள் மாத்திரை, வெள்ளித் துகள் கலந்த தண்ணீர். வெள்ளித் தண்ணீரை விடாமல் குடித்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும், அது திரும்பப் பழைய நிறத்துக்கு வராது. தங்க பஸ்பத்தில் நானோ அளவுத் துகள் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள், சரி, ஆனால் துகள் சிறியது என்பதால் மட்டும் ஒன்று மருந்தாகிவிடாது, சில நேரம் சிறியதாக இருப்பதே ஆபத்து, போகக் கூடாத இடத்துக்கும் போய்விடும். இதைச் சொன்னால் என் சித்த வைத்திய நண்பருக்குக் கோபம் வரும், வரட்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. செய்தியின் முதல் வரியில் எலியா, குரங்கா, மனிதரா என்று எழுதுங்கள். மனிதர் என்றால் எத்தனை பேர், எந்தக் கட்டச் சோதனை என்பதையும் சேருங்கள். இங்கே கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வரி. தலைப்பு போடுகிறவர் கடைசிப் பத்தி வரை வாசித்துவிட்டுப் போட வேண்டும். அதோடு, அந்தச் செய்திக்குக் கீழேயே 'நானோ' மூட்டுவலி எண்ணெய் விளம்பரத்தை வைக்காதீர்கள், விளம்பரப் பிரிவு வேறு என்று நீங்கள் சொல்லலாம், என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே கிழிசலில்தான் கொண்டுவருகிறார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
செங்கோட்டை.